பதினோராம் இலக்கம்

என் மனுசன் விக்னராஜா வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஊற்றினால் பாதிக் கோப்பையும் நிறையாது. “ஓம்”, “இல்லை”, “உப்புக் காணாது.” இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே கலியாணம் கட்டின நாளிலிருந்து குடும்பம் நடத்தி வருகிறார். அப்படிப்பட்ட மனுசன் சனிக்கிழமைப் பின்னேரங்களில் மெல்பேர்ணில் ஒரு கல்லூரி வானொலியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே இங்கிலிஷில் தங்குதடையில்லாமல் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? முதல் நாள் ரேடியோவைத் திருகிவிட்டுக் குசினியில் நின்ற நான், அகப்பையும் கையுமாக அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. “அட கோதாரி, இவ்வளவு கதையையும் எங்கயப்பா ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?” என்று ரேடியோவைப் பார்த்தே கேட்டேன்.

நாங்கள் எழுபத்திரண்டில் இலங்கையிலிருந்து வந்து மெல்பேர்ண் ஓக்லியில் குடியேறினவர்கள். அவருக்கு ஓர் அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறுகிற வேலை. ஊரில் படிக்கிற காலத்திலும் பிறகு கொழும்பிலும் ஹொக்கி, ஹொக்கி என்றே அலைந்தவர். எங்கள் ஒரே மகன் பாஸ்கரனுக்கும் அதே விசர்தான். இங்கே அவன் படிக்கிற கல்லூரியின் அணியில் இடப்பக்க விங், கோட்டோரம் ஓடி ஆடுகிற ஆள். முதுகில் பதினோராம் இலக்கம்.

எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் சின்ன வானொலியில் ஹொக்கி ஆட்டங்களை ஒலிபரப்பத் தொடங்கினார்கள். மைக் பிடித்த பொடியனுக்கு நல்ல குரல். ஆனால் “அடிக்கிறான்! ஓடுகிறான்! ஆகா!” என்பதைத் தவிர வேறு ஒன்றும் அவன் வாயிலிருந்து வராது. யார் அடிக்கிறான், எங்கே ஓடுகிறான், கேட்கிறவனுக்கு என்ன தெரியும்? மகனுடைய ஆட்டம் பார்க்கப் போய்ப் பக்கத்தில் நின்ற என் மனுசனுக்குப் பொறுக்கவில்லை. “அடித்தது அவனில்லை, மற்றவன்” என்று மெதுவாகத் திருத்தினார். பிறகும் திருத்தினார். இன்னுமொரு தரம் திருத்தியபோது அந்தப் பொடியன், “அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள், மிஸ்டர்” என்று மைக்கை அவர் கையில் திணித்துவிட்டான். கோபத்தில் செய்தானோ, நிம்மதியில் செய்தானோ தெரியாது. அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர்களுக்கு விக்னராஜா என்ற பெயர் வாயில் நுழையாது. வானொலியில் அவர் வெறும் ‘விக்’.

அவருடைய வர்ணனை நல்லது என்று பெண்சாதி என்ற முறையில் நான் சொல்லவில்லை. பெண்சாதி என்றால் குறைதானே சொல்லவேண்டும்? தேடினேன், குறை கிடைக்கவில்லை. மனுசன் கத்தவே மாட்டார். முதலில் பந்து எங்கே என்பார், பிறகு யாரிடம் என்பார், உடனே யார் தனியாக நிற்கிறான் என்பார். கன்ரீன் பக்கத்து மூலையில் சேறு, அங்கே பந்து இழுபடும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார். கொஞ்ச நேரத்தில் ஒருவன் அந்தச் சேற்றில் பந்தைத் தொலைத்து நிற்பான். எதிர் அணிக் கோல்காப்பாளன் வலது காலால்தான் தடுக்கிறான், இடப்பக்கம் அடித்தால் திணறுவான் என்பார். அதுவும் நடக்கும். ஹொக்கித் தடியை வாழ்நாளில் தொடாத நான், உரிக்க வைத்திருந்த உருளைக்கிழங்குகளை மேசையில் ஆட்டக்காரர் மாதிரிப் பரப்பி, அவர் சொல்லச் சொல்ல நகர்த்திக்கொண்டு இருப்பேன். கறி அடிப்பிடித்தது எத்தனை நாள்!

எதிர் அணியை ஒருபோதும் அவர் குறைத்துச் சொன்னதில்லை. நல்ல ஆட்டம் என்றால் யார் ஆடினாலும் நல்ல ஆட்டம்தான். அதனால் இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன்மாரும் அவரை நம்பினார்கள். கடைசியில் பார்த்தால், மைதானத்துக்கு வந்து கண்ணால் பார்க்கிற சனமே கையில் ஒரு டிரான்சிஸ்டரோடு வரத் தொடங்கியது. கோட்டோரமெல்லாம் அவருடைய குரல்தான். கண்ணுக்கு முன்னால் நடப்பதை விளங்கிக்கொள்ள அவர் வாய் தேவைப்பட்டது. எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் வயிற்றெரிச்சல். மற்ற எல்லாரையும் பெயர் சொல்லி, அவனவன் கெட்டித்தனத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்லுகிற மனுசன், சொந்த மகனிடம் பந்து வந்தால் மட்டும் “பதினொன்று... பந்து நடுவுக்குப் போய்விட்டது” என்று முடித்துவிடுவார். பெயரும் இல்லை, புகழும் இல்லை. அவன் மூன்று பேரை வெட்டி எடுத்துக்கொண்டு போனாலும் அதே பதினொன்று, அதே பந்து.

காரணம் எனக்குத் தெரியும். பாஸ்கரன் ஏழு வயதில், பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்தான். அன்றைக்கு இவர் சபை நடுவிலே நின்று, “என்ர பிள்ளை மான் மாதிரி ஓடுறான்” என்று சொன்னார். அடுத்த கிழமை பிள்ளை மதிலால் விழுந்து கால் முறித்துக்கொண்டான். தகப்பன்ர நாவூறு என்று ஊரே சொன்னது. இவரும் அதையே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மகனைப் பற்றி ஒரு நல்ல சொல் அந்த வாயிலிருந்து வந்ததேயில்லை. பிறத்தியாருடைய கண்ணைவிடத் தகப்பனுடைய நாக்கு பொல்லாதது என்பது அவருடைய முடிவு.

பாஸ்கரனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் இடப்பக்கக் கோட்டோரம் ஓடுகிறவன். கோட்டோரம் முழுக்க டிரான்சிஸ்டர். தகப்பன் மற்றவர்களைப் புகழ்வதையும் தன்னைத் தாண்டிப் போவதையும் அந்தப் பிள்ளை ஓடிக்கொண்டே கேட்டிருக்கிறான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், “அப்பா அந்தக் கோல்போஸ்ட்டைப் பற்றிக்கூட நல்லாச் சொல்றார், அம்மா” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். “ஃபர்கெட் இட், அம்மா” என்று எழும்பிப் போய்விட்டான். தட்டில் சோறு பாதி அப்படியே கிடந்தது.

இந்த வயிற்றெரிச்சலோடு நான் இருக்கிறபோதுதான் பயிற்சியாளருடைய மனைவி கன்ரீனில் வைத்து எனக்கு ஒரு விசயம் சொன்னாள். மாநிலத்துக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கூட்டு அணி நியூசிலாந்துக்குப் போகிறது. அதற்கு ஆள் தெரிவு செய்கிறவர் மக்ரே என்ற கிழவர். கிழவர் கூரைத் தண்ணீர்ப் பீலியைத் துப்புரவாக்கப் போய் ஏணியால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, குளிர்காலம் முழுக்கப் படுக்கை. மைதானத்துக்கு வர வழியில்லை. அதனால் ரேடியோவைக் கேட்டே ஆள் எடுக்கிறார்! “பயிற்சியாளன் ஒவ்வொருவனும் தன் ஆளைத்தான் விற்பான், அந்த விக் ஒருவனையும் விற்பதில்லை” என்பது அவருடைய பேச்சாம். எல்லா இடமும் நிரம்பிவிட்டது, இடப்பக்க விங் மட்டும்தான் மிச்சம். வேறு ஒரு கல்லூரிப் பொடியனை நினைத்து வைத்திருக்கிறாராம். “உங்கள் மகன் நல்ல ஆட்டக்காரன் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். ‘நல்ல ஆட்டக்காரன் என்றால் விக் சொல்லியிருப்பானே’ என்கிறார் மக்ரே” என்றாள். இந்தச் சனிக்கிழமை ஆட்டம்தான் கடைசி. அன்றைக்குப் பின்னேரமே கிழவர் பெயரை அறிவித்துவிடுவார்.

ஊருக்கெல்லாம் உண்மை சொல்லுகிற வாய் சொந்தப் பிள்ளையின் சோற்றில் மண் போடுகிறதே!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தொடங்கினேன்.

“இஞ்சருங்கோ, உங்களால அந்தப் பிள்ளைக்கு இடம் போகப்போகுது, தெரியுமோ?”

விசயத்தைச் சொன்னேன். கேட்டவருடைய முகம் கறுத்துவிட்டது.

“நான் சொன்னால் சனம் என்ன சொல்லும்? காக்கைக்கும் தன்ர குஞ்சு பொன்குஞ்சு எண்டு சிரிக்கும்” என்றார்.

“சிரிக்கட்டும். சிரிச்சால் பல்லோ விழப்போகுது?”

“அதில்லை, இராஜேஸ்வரி. உமக்கு மறந்துபோச்சு. அவன்ர கால்...”

“மறக்கேல்லை. மதிலில ஏறி நிண்டு மாங்காய் பறிச்சவன் விழாமல் என்ன செய்வான்? நீங்கள் வாயைத் திறக்காட்டியும் விழுந்துதான் இருப்பான்.”

“அப்பிடிச் சொல்லாதையும்.”

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் எண்டு இருக்கிறியளோ? தானே வளர்ந்த பிள்ளை இப்ப வெளியில நிக்கப்போகுது. நான் பொய் சொல்லச் சொல்லேல்லை. மற்றப் பிள்ளையளுக்குச் சொல்ற மாதிரிக் கண்டதைச் சொல்லுங்கோ. நாவூறு வந்தால் கழிக்கிறது என்ர பொறுப்பு. வீட்டில செத்தல் மிளகாய் இருக்கு, உப்பு இருக்கு. பிறகென்ன?”

சனிக்கிழமை மத்தியானம் மைதானத்துக்கு வெளிக்கிடும்போது என் பக்கம் திரும்பி, “செத்தல் மிளகாய் கனக்க இருக்கோ?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அன்றைக்கு நானும் போனேன். மைதானத்து மண்டபத்தின் மேல்மாடியில் மைக்கோடு அவர், கீழே இடப்பக்கக் கோட்டோரம் நான். கையில் சின்ன டிரான்சிஸ்டர். குளிர் எலும்புக்குள் போனது. மைதானம் முழுக்கச் சேறு.

முதல் பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. அதுவரை மனுசன் பதினொன்று, பதினொன்று என்றுதான் சொன்னார். நான் மேலே பார்த்து முறைத்தேன். முறைத்தது தெரிந்ததோ என்னவோ, இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாஸ்கரன் கோட்டோரம் பந்தை எடுத்து வரும்போது அந்தக் குரல் ஒருமுறை செருமியது.

“பந்து பாஸ்கரனிடம்” என்றது. “இடப்பக்கத்தில் இவ்வளவு அழகாகப் பந்தை எடுத்து வருகிற ஒருவனை நான் இந்தக் குளிர்காலத்தில் பார்க்கவில்லை.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோட்டோரத்து டிரான்சிஸ்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதைச் சொல்லின. என் பிள்ளை எனக்கு முன்னாலே வந்துகொண்டிருந்தான். தன் பெயரைக் கேட்டான். கேட்டவன் அப்படியே நின்றுவிட்டான்! தலையைத் தூக்கி மேல்மாடியைப் பார்த்தான். அந்தக் கணத்தில் எதிர் அணிக்காரன் ஒருவன் அவன் தடிக்கடியில் இருந்த பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். எங்கள் பக்கத்தில் காவலுக்கு ஆளில்லை. கோல். ஒன்றுக்கு ஒன்று.

“ஐயோ, என்ர கடவுளே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். நாவூறு என்றால் ஒரு கிழமையாவது பொறுக்கும் என்று நினைத்திருந்தேன். இது ஒரு நிமிசமும் பொறுக்கவில்லையே! எல்லாம் என்னால்தான், சும்மா இருந்த மனுசனை நான்தான் சொறிந்தேன். பாஸ்கரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. மனுசன் பழையபடி பதினொன்றுக்குத் திரும்பிவிடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

குரல் வந்தது. நடுங்கவில்லை, உயரவில்லை.

“அந்தக் கோலுக்குக் காரணம் பாஸ்கரன் இல்லை. வர்ணனையாளன். நான் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. ஆட்டக்காரனின் காதுக்குள் பேச வர்ணனையாளனுக்கு உரிமையில்லை. கோட்டோரம் நிற்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து உங்கள் ரேடியோக்களின் சத்தத்தைக் குறையுங்கள்.”

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஒரு கிழவன் முதலில் குறைத்தான். பிறகு பக்கத்தில் நின்றவள். கோட்டோரம் நீளத்துக்கு ஒவ்வொருவராகத் திருகிக் குறைத்து, ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டார்கள். மைதானத்தில் தடியில் பந்து படுகிற சத்தமும் பொடியன்கள் மூச்சுவாங்குகிற சத்தமும்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு என் மனுசன் சொன்னாரே ஒரு வர்ணனை! இவ்வளவு நாளும் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. ஆனால் வெள்ளமாக வரவில்லை, மற்றப் பிள்ளைகளுக்கு அளந்த அதே அளவில் வந்தது. இடப்பக்க விங்குக்கு ஹொக்கியில் ஒரு கரைச்சல் உண்டு, தடி பிடிக்கிற முறையால் பந்தை நடுவுக்கு அனுப்ப உடம்பையே சுற்றவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். மற்றவர்கள் அதற்கு நின்று திரும்புவார்கள், பாஸ்கரன் ஓடிக்கொண்டே கால்களை மாற்றி வைக்கிறான், பாருங்கள் என்றார். இந்தக் கண்ணால் எத்தனை நாள் பார்த்தேன், எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பந்தைத் தேவையில்லாமல் வைத்திருந்து இழந்தான். “அது பிழை, முன்னமே கொடுத்திருக்கவேண்டும்” என்றார். எனக்குக் கோபம் வந்தாலும், மனுசன் சொன்னது சரிதான். அவன் ஒன்றையும் கேட்காமல் தன் பாட்டுக்கு ஓடினான். அந்த மைதானத்தில் அவனுக்கு மட்டும்தான் தகப்பன் என்ன சொல்கிறார் என்று தெரியாது.

முடிகிற நேரத்தில் பாஸ்கரன் கோட்டோரம் இரண்டு பேரைத் தாண்டி உள்ளே வெட்டினான். கோல் முன்னால் திறந்து கிடந்தது. “அவன் அடிக்கலாம்” என்றது குரல். “அடித்தால் போகலாம், போகாமலும் விடலாம். வலப்பக்கம் தனியாக ஒருவன் நிற்கிறான். பாஸ்கரன் கண்டுவிட்டான். கொடுக்கிறான்.” வலப்பக்கத்துப் பொடியன் சும்மா தட்டிவிட்டான். கோலுக்குள் இருக்கிற பலகையில் பந்து மோதிய சத்தம் எனக்கு மைதானத்திலிருந்தும் கேட்டது, ரேடியோவுக்குள்ளும் கேட்டது. “கோல் போட்டவனுடைய பெயர் நாளைக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்” என்றார் என் மனுசன். “கொடுத்தவனுடைய பெயரையும் ஞாபகம் வையுங்கள்.”

வென்றோம். நான் அழுதுகொண்டே கைதட்டினேன்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கீழ் மண்டபத்துக்குள் வந்தோம். பொடியன்கள் ஹீட்டரைச் சுற்றி இருந்து சப்பாத்துக் கழற்றினார்கள். பாஸ்கரன் ஒரு பக்கம் முகம் கொடுக்காமல் இருந்தான். எதிர் அணியின் கோல் தன்னால் விழுந்தது என்ற கவலை. அவர் மாடியால் இறங்கி வந்து மகனுக்கு எட்டத்தில் நின்றார். கிட்டப் போகவுமில்லை, பேசவுமில்லை. இரண்டும் ஒரே அச்சு.

கன்ரீன் ரெலிபோன் அடித்தது. எடுத்த பெண் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு, “விக், மக்ரே உங்களைக் கேட்கிறார்” என்றாள். கிழவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது, அவர் போட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“குளிர்காலம் முழுக்கப் பதினோராம் இலக்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இன்றைக்கு அவனைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு கிழமையில் ஆடப் பழகிவிட்டானா?”

“இல்லை. எல்லாக் கிழமையும் இப்படித்தான் ஆடினான். நான்தான் சொல்லவில்லை” என்றார் இவர். கொஞ்சம் பொறுத்து, “அவன் என் மகன்” என்றார்.

பிறகு கிழவர், “அப்படியென்றால் இன்று நீ சொன்னதை நான் எப்படி நம்புவது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். இவர் ரெலிபோனைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினார். பாஸ்கரனை நேரே பார்த்தார். மைதானத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். அந்தக் குரல் வந்தது, ரேடியோக் குரல்.

“குறையை முதலில் சொல்கிறேன். பந்து போனால் திரும்பி வரப் பிந்துகிறான். ஒரு பிழை விட்டால் அதையே நினைத்துக்கொண்டு நிற்பான், இப்போதும் என் முன்னால் அப்படித்தான் இருக்கிறான். தன்னைவிட நல்ல இடத்தில் ஒருவன் நின்றால் கட்டாயம் கொடுப்பான், அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டே பந்தைச் சுற்றித் திரும்புவதில் இவனைப் போல ஒருவனை நான் இந்த நகரத்தில் காணவில்லை. நானும் இடப்பக்க விங்கில் ஆடினவன், மிஸ்டர் மக்ரே. நல்லாய் ஆடினேன் என்றுதான் சொல்வார்கள். இவன் என்னைவிட நல்ல ஆட்டக்காரன். மகன் என்பதற்காக எவ்வளவு கழிக்கவேண்டுமோ கழித்துக்கொள்ளுங்கள்.”

கிழவர், “குறையை முதலில் சொன்ன தகப்பனை நான் இப்போதுதான் காண்கிறேன். கழிக்க ஒன்றுமில்லை. பொடியனை வரச் சொல்” என்றார்.

மண்டபத்தில் ஒரே கூச்சல். பொடியன்கள் பாஸ்கரனுடைய முதுகில் குத்தினார்கள். அவன் அதொன்றையும் கவனிக்கவில்லை. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் நனைந்த மேசு. அப்படியே தத்தித் தத்தித் தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றான்.

“அப்பா, என்னைப் பற்றிக் கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ” என்றான். எப்போதும் இங்கிலிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை தமிழில் கேட்டான்.

இவர் என்னைப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு பயம். மைக்கும் இல்லை, ரெலிபோனும் இல்லை, இங்கிலிஷும் இல்லை.

“சொல்லுங்கோவன்” என்றேன்.

“என்னைவிட நீ நல்லா விளையாடுறாய், தம்பி” என்றார். குரல் உடைந்துவிட்டது.

இருபது வயதுப் பிள்ளை தகப்பனுடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அங்கே நின்ற பொடியன்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.